பக்கத்து வீட்டுக் கையெழுத்து

மாசாய் நகரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய டெரஸ் வீடுகளில் ஒன்று எங்களுடையது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவிலிருந்த கம்பி வேலியை எடுத்துவிட்டு உயரமான சுவர் கட்ட நினைத்தேன். பக்கத்து வீட்டார் கையெழுத்துப் போட்டால்தான் அனுமதி என்றது நகராண்மைக் கழகம். பக்கத்து வீட்டு அக்காவோ, "இப்ப வேணாம் லா தம்பி" என்று கதவைச் சாத்திவிட்டார். எனக்கு ஆத்திரம். அதன்பின் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பக்கவாதத்தில் கிடந்த அவர் கணவர் இறந்து, கருமக்கிரியை முடிந்ததும் அக்காவே வந்தார்.

"ஃபாரம் குடுங்க தம்பி, சைன் போடறேன். கட்டில்ல படுத்திருந்தா ஜன்னல் வழியா உங்க வாசல் மட்டும்தான் அவருக்குத் தெரியும். உங்க பிள்ளைங்க சைக்கிள் ஓட்டறத பாத்துக்கிட்டே இருப்பாரு. இனிமே கட்டிக்கங்க."

ஏன் வேண்டாம் என்று அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அனுமதி வந்துவிட்டது. கம்பி வேலி அப்படியே நிற்கிறது. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். அந்த ஜன்னலைத்தான் இப்போது யாரும் திறப்பதில்லை.