மீன் இல்லாத தண்ணீர்

தொழிற்சாலையில் எனக்குத் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஒவ்வொரு பல்சக்கரத்தையும் அளந்து பார்த்த பிறகுதான் அனுப்புவேன். வீட்டிலும் நான் அப்படித்தான் என்று என் மனைவி கேலி செய்வாள். தோசையின் ஓரம் கொஞ்சம் தடித்திருந்தாலும் சொல்லாமல் விடமாட்டேனாம். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு காரியத்தை அளக்காமல் செய்துவிட்டு, அதற்காக மாதக்கணக்கில் முழித்தேன்.

எங்கள் வீடு ஓசூரில், பாகலூர் சாலையை ஒட்டி இருக்கிறது. பின்பக்கம் ஒரு திறந்த சிமெண்ட் தொட்டி. அதில் அவள் கூனி இறால் வளர்த்தாள். அவள் அப்பாவின் வயல் கிணற்றிலிருந்து கல்யாணமான புதிதில் ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்தவை. விரல் நகத்தளவுதான் இருக்கும், வயிற்றுக்குள் போகும் இரைகூட வெளியே தெரியும். பர்கூரிலிருந்து நான் கொண்டுவந்த கிரானைட் துண்டுகளை அடியில் போட்டிருந்தோம். தினமும் நாலு சோற்றுப் பருக்கையைப் போட்டு, "ரண்டி, ரண்டி" என்று, அதாவது வாங்க வாங்க என்று, தெலுங்கில் அழைப்பாள். அவள் பிறந்த வீட்டில் பேசுவது தெலுங்கு. திருநெல்வேலிக்காரனான என்னை ஒரு நாளாவது அவ்வளவு மரியாதையாகச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறாயா என்று நான் சண்டைக்குப் போவேன்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு டெங்கு வந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள். ரத்தத்தில் தட்டணுக்கள் குறையக் குறைய எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது தொட்டியில் கொசுப்புழுக்கள் நெளிவதைப் பார்த்தேன். ஆத்திரம் தலைக்கேறியது. அங்கே இங்கே விசாரித்து, கொசுப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன்களை ஒரு பையில் வாங்கிவந்து கொட்டினேன்.

எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த மீன் அது. கிணற்றில் பிறந்த இறாலுக்கு அதைப் பற்றி என்ன தெரியும்? பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பார்க்கப் போவதுபோல மீசையை ஆட்டிக்கொண்டு அருகில் வந்தன. ஒரு மீன் ஓர் இறாலைக் கவ்வி, என் கண் முன்னாலேயே பிய்த்தது. மனசு சங்கடப்பட்டது. ஆனாலும் இப்போது கொசுதான் முக்கியம் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டேன்.

திரும்பி வந்தவள் முதல் வேலையாகத் தொட்டிக்குப் போனாள். "ரண்டி" என்றாள். ஒன்றும் வரவில்லை. மீன்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "எல்லாம் போச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் என்னை அருகில் விடவில்லை. டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும் என்று, ஷிப்டு பஸ் வருவதற்கு முன் தினமும் அவள் கைகால்களில் கொசுக் களிம்பு தடவுவேன். ஆஸ்பத்திரியிலும் நான்தான் தடவினேன். அங்கே பேசாமல் கையை நீட்டியவள், இப்போது நான் கட்டில் பக்கம் போனாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். இறாலைக் கொன்றவனின் கை என்று வெறுக்கிறாள் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதிருக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீ வடிகட்டியைக் கம்பில் கட்டி, மீன்களை ஒன்றுவிடாமல் பிடித்துப் பழைய பெயிண்ட் வாளிக்கு மாற்றினேன். தொட்டிக்குக் கொசுவலை மூடி போட்டேன். பத்து நாள் கழித்து கிரானைட் துண்டுக்கு அடியிலிருந்து ஒரு மீசை எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொன்று. எல்லாம் போகவில்லை, பிழைத்தவை ஒளிந்திருக்கின்றன! அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரித்தாள். அந்தச் சிரிப்பு இறாலுக்கு, எனக்கில்லை. மறுநாள் களிம்போடு போனபோது அதே சுவர், அதே முதுகு.

கோடை வெயிலில் தொட்டித் தண்ணீர் குறைந்தது. ஒரு நாள் காலை குழாயடி வரைக்கும் நடக்கச் சோம்பல்பட்டு, மீன் வாளியிலிருந்தே ஒரு குவளை மொண்டு ஊற்றினேன். அதில் மீன் இல்லை, வெறும் தண்ணீர். மேய்ந்துகொண்டிருந்த இறால்கள் அத்தனையும் சட்டென்று கல்லுக்கு அடியில் போய்விட்டன. என் தொழில்புத்தி விடுமா? அவை வெளியே வரும்வரை காத்திருந்து குழாய்த் தண்ணீர் ஊற்றினேன். அசையவே இல்லை. மறுபடி வாளித் தண்ணீர். மறுபடி ஓட்டம்.

"ஏங்க, அதுங்களே இப்பதான் தலய நீட்டுதுங்க. சும்மா சும்மா பயங்காட்டுறீங்களே!" பின்வாசற்படியில் அவள் நின்றிருந்தாள்.

"மீனே இல்லியேம்மா. வெறும் தண்ணிதான."

"அதுங்களுக்கு அந்த வாசனயே போதும். கூட இருந்தது செத்தப்போ தண்ணில அந்த வாசனதான இருந்திச்சு."

சொல்லிவிட்டு உள்ளே போனாள். களிம்பு தடவும் நேரமாகியிருந்தது. டியூபைத் திறந்து விரலில் பிதுக்கிக்கொண்டு அவளிடம் போனேன். நான் இன்னும் தொடவில்லை. அதற்குள் அவள் கை முந்தானைக்குள் போய்விட்டது. விரலில் களிம்போடு அப்படியே நின்றேன்.

"இந்த வாசனயா?" என்று கேட்டேன்.

அவள் தலையாட்டினாள்.

"ஆஸ்பத்திரில கடைசி நாளு, பக்கத்துக் கட்டில்ல இருந்த பொண்ணு செத்துப்போனப்போ நீங்க எனக்கு இதத்தான் தடவிக்கிட்டு இருந்தீங்க," என்றாள். "இந்த வாசன வந்தாலே அவ அம்மா கத்துனது கேக்குதுங்க."

"ஏம்மா சொல்லல?"

"நீங்களே பயந்துபோயி தடவுறீங்க. வேணாம்னு எப்படிச் சொல்ல?"

தினமும் காலையில் இவள்மேலும் அந்த வாளித் தண்ணீர் ஒரு குவளை ஊற்றியிருக்கிறேன். அதுவும் பாசத்தோடு.

களிம்பைத் தூக்கி எறிந்தேன். சன்னல்களுக்கு வலை அடித்தேன். கையைச் சோப்புப் போட்டு எத்தனை முறை கழுவினேன் என்று கணக்கில்லை, ஆனாலும் நானாக அவளைத் தொடப் போகவில்லை. இறாலுக்குப் பத்து நாள் ஆனது, இவளுக்கு எத்தனை நாளானாலும் ஆகட்டும் என்று இருந்தேன்.

ஒரு மாலை தொட்டியருகே உட்கார்ந்திருந்தோம். பருக்கைகளைப் போட்டுவிட்டு அவள் என் வலது கையை எடுத்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். திருப்பி இன்னொரு முறை முகர்ந்தாள். பிறகு அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, தொட்டியைப் பார்த்து "ரண்டி" என்றாள்.