கோட்டு போட்ட எழுபத்திரண்டு பேர்

கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால், டீக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு ஒரு கடை நிற்கும். அதுதான் துர்கா டிஜிட்டல் ஸ்டுடியோ. ஓனர் அரசப்பன். சிப்காட் தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேருகிறவர்களில் பாதிப் பேர் அவன் ஸ்டூலில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுத்தான் கம்பெனி கேட்டைத் தாண்டுவார்கள். கேட்பாஸுக்குப் படம் வேண்டுமே.

அரசப்பனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பிலிம் காலத்தில், ஆள் கண்ணை மூடித் தொலைத்துவிட்டால் என்ன செய்வது என்று ஒன்றுக்கு இரண்டாக எடுத்து வைப்பான். டிஜிட்டல் கேமரா வந்த பிறகும் அதை விடவில்லை. முதல் கிளிக்கில் ஆள் மூச்சை அடக்கிக்கொண்டு, போலீஸ்காரர் முன்னால் நிற்கிற மாதிரி விறைத்திருப்பான். "அவ்ளோதான், எந்திரி" என்று சொல்லிவிட்டு அரசப்பன் இன்னொன்றை அமுக்குவான். அதற்குள் ஆள் தோளைத் தளர்த்தி, வாசலில் நிற்கும் கூட்டாளியைப் பார்த்து இளித்திருப்பான். முதல் படம் கேட்பாஸுக்குப் போகும், சிடியிலும் ஏறும். இரண்டாவது கம்ப்யூட்டரில் கேட்பாரற்றுக் கிடக்கும்.

இரண்டாயிரத்து ஏழு கடைசியில், மழை பிடித்துக்கொண்டு ஈ காக்கை வராத ஒரு மதியம், கேட்பாரற்றுக் கிடந்ததையெல்லாம் திறந்து பார்த்தான். ஐந்து வருஷத்து முகங்கள். பொக்கை வாய், தெற்றுப் பல், கிழிந்த காலர், எண்ணெய் வழியும் நெற்றி, அத்தனையிலும் சிரிப்பு. பார்க்கப் பார்க்க அரசப்பனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று. இதைப் புத்தகமாகப் போட்டே தீருவது என்று அங்கேயே முடிவு கட்டினான். கேட்பாஸ் போட்டோக்காரனை எந்தப் பதிப்பகமும் சீந்தாது, ஆகவே சொந்தமாகப் போட்டுக்கொள்வது. அச்சடிக்க காக்களூரில் சாலமோன் இருந்தான். ஊறுகாய் பாட்டிலுக்கு லேபிள் அடிப்பவன், பழைய சிநேகிதன்.

எழுபத்திரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, நாலு மாதம் ஷிஃப்ட் விடும் நேரமெல்லாம் கம்பெனி கேட்டுகளில் நின்று ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்கினான். எல்லோரும் தாராளமாகத் தலையாட்டினார்கள். விறைப்பான படத்தைத்தான் கேட்கிறான் என்று நினைத்துத்தான் அத்தனை தாராளம். அது வேறு விஷயம்.

படங்களைத் தனி ஃபோல்டரில் மாற்றி வைத்துவிட்டு, சிடி போட்டு வைக்கும்படி மனைவியிடம் சொன்னான். கடையில் படம் எடுப்பது மட்டும்தான் அவன் வேலை. கம்ப்யூட்டரில் அதை அழகு பண்ணுவது துர்காதேவி. கறுப்பை மாநிறமாக்குவாள், மாநிறத்தைச் சிவப்பாக்குவாள், பரு மச்சம் எதுவும் அவள் மௌஸுக்குத் தப்பாது. அரசப்பன் பெரியபாளையம் வழியாக பஸ் மாறி மாறி காக்களூருக்குப் போய்க் காகிதம் பார்த்துக்கொண்டிருந்த நாலு நாளும், துர்கா சமையலைச் சுருக்கிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கிழிந்த சட்டைக்காரர்களுக்கெல்லாம் கோட்டும் டையும் போட்டுவிட்டாள். பெண்களுக்குப் பட்டுப்புடவையும் ஆரமும். ரொம்பவும் திறந்திருந்த வாய்களுக்கு, முதல் படத்திலிருந்து மூடிய உதட்டை எடுத்து ஒட்டினாள். புருஷனிடம் மூச்சு விடவில்லை. அவன் அச்சில் பார்த்து அசந்து போகட்டும் என்று இருந்தாள்.

அசந்துதான் போனான். துர்கா போட்டுக் கொடுத்த சிடியிலிருந்து அடித்து, சாலமோன் மேஜைமேல் பரப்பிய மாதிரித் தாள்களில் எழுபத்திரண்டு பேரும் கனவான்களும் சீமாட்டிகளுமாக நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"சூப்பரா கீதுண்ணே. அத்தினி பேரும் எலெக்ஷன்ல நிக்கிற மாதிரியே கீறாங்க," என்றான் சாலமோன்.

அரசப்பன் தாள்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். துர்கா கேசரி கிண்டி வைத்துக் காத்திருந்தாள்.

"எப்டி கீது?"

"பழைய படம் எங்க, துர்கா?"

"அது மேலயேதான் சேவ் பண்ணிட்டேன். இன்னாத்துக்கு கேக்குற?"

அவன் எதற்கு என்று சொன்னான். சொல்லி முடிக்கும்போது அவள் முகம் செத்துவிட்டது. "அழுக்கு சட்டையோட புக்ல வந்தா பாவம் அவங்களுக்குக் கஷ்டமா இருக்காதா, அதான்," என்றாள். கத்தவேண்டும் போலிருந்தது அவனுக்கு. காப்பி எடுத்து வைக்காமல் மாற்றிக் கொடுத்தது தன் கைதானே, யாரிடம் கத்துவது? இரண்டு நாள் பிளாட்பாரத்தில் போய் உட்கார்ந்து, வருகிற ரயிலையும் போகிற ரயிலையும் பார்த்தான். ஐந்து வருஷம் போயிற்று என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

மூன்றாம் நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு மறுபடி எடுக்கக் கிளம்பினான். அதுவும் வாய்க்கவில்லை. புத்தகத்தில் வரப்போகிறோம் என்று எல்லோருக்கும் தெரிந்து போயிற்று. லோடு இறக்கும் துலுக்காணம், "அவ்ளோதான், எந்திரி" என்று மூன்று தரம் சொல்லியும் எழவில்லை.

"நீ இன்னும் எடுத்துக்கினுதான் கீற, எனக்குத் தெரியும்," என்றான், உதடு அசையாமல்.

அந்தச் சமயத்தில்தான் குப்பாயி கடைக்குள் வந்தாள். இரும்புக் கம்பெனியில் தரை பெருக்குகிறவள், எழுபத்திரண்டு பேரில் ஒருத்தி. கேட்பாஸைப் புதுப்பிக்க வந்தவள், மேஜைமேல் கிடந்த தாளில் தன் முகத்தைக் கண்டாள். அரக்குப் பட்டு, கழுத்தில் மூன்று வரிசை ஆரம், சிவந்த கன்னம்.

"யார் நைனா இந்த மகராசி?"

"நீதான்."

குப்பாயி தாளைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற நாலு பல்லும் தெரியச் சிரித்தாள். ஸ்டூலில் இருந்த துலுக்காணமும் எட்டிப் பார்த்துச் சேர்ந்துகொண்டான். அரசப்பன் திறந்த வாயோடு நிற்க, துர்கா அவன் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கி நாலைந்து தரம் அமுக்கினாள்.

புத்தகம் அப்படித்தான் புதிதாக அமைந்தது. இடது பக்கம் துர்கா கோட்டு போட்டுவிட்ட படம். வலது பக்கம் அதைப் பார்த்துச் சிரிக்கிற ஆள். புருஷனும் பொண்டாட்டியுமாக அந்தத் தாள்களைச் சுருட்டிக்கொண்டு டீக்கடை டீக்கடையாக அலைந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் "இத்த எங்க ஊட்டுக்கு ஒண்ணு குடு" என்றார்கள். ஒருத்தன் அழுதான். அதையும் எடுத்தார்கள்.

ஐம்பத்தெட்டு பேர் கிடைத்தார்கள். மீதிப் பதினான்கு பேரைக் காணோம். கான்ட்ராக்ட் முடிந்து கிளம்பிவிட்டார்கள், செல் நம்பரும் மாறிவிட்டது. எங்கே போனார்கள் என்று சூப்பர்வைசருக்கும் தெரியவில்லை. அந்தப் பதினான்கு பேரின் சிரிப்பு இனி உலகத்தில் எங்கேயும் இல்லை. அரசப்பனுக்கு அது தாங்கவில்லை.

"வலது பக்கத்த அப்டியே வெள்ளையா வுட்டுடலாமா?" என்றான்.

"பிரஸ் தப்புன்னு நினைச்சுக்குவாங்கண்ணே," என்றான் சாலமோன்.

துர்கா ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"இவுருக்கு இங்க ஒரு மச்சம் இருந்துச்சு," என்றாள். "நான்தான் எடுத்தேன். காதுல ஒரு வெட்டு. அத்த நிரவ அரை மணி நேரம் ஆச்சு."

அரசப்பன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் எல்லாம் ஞாபகம் இருந்தது. அவன் படம் எடுத்தபோது பார்க்காததையெல்லாம் அவள் அழிக்கும்போது பார்த்திருந்தாள். அவன் காகிதமும் பேனாவும் எடுத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதினான். அவள் மேல் இருந்த கோபம் எப்போது போனதென்று அவனுக்கே தெரியவில்லை.

புத்தகத்தில் அந்தப் பதினான்கு வலது பக்கங்களிலும் படம் கிடையாது, நாலைந்து வரிகள்தான். ஒன்றில் இப்படி இருக்கிறது:

"ஜெயராஜ். சட்டைக்கு மேல் பட்டன் இல்லை, ஊக்கு குத்தியிருந்தார். இடது புருவத்தில் தழும்பு. சிரித்தால் ஓரப்பல் ஒன்று மேலேறித் தெரியும். எல்லாவற்றையும் நான்தான் அழித்தேன். துர்காதேவி."