காலையிலேயே தண்ணி கேட்ட சென்னை

மேடவாக்கத்தில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து அலுவலக மடிக்கணினியில் எதைத் திறந்தாலும், அது முதலில் ஜெர்மனியில் இருக்கும் எங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகும். அங்கே சோதனை முடிந்த பிறகுதான் வெளி இணையம். தாம்பரத்திலிருந்து பல்லாவரம் போக டெல்லி வழியாக டிக்கெட் எடுப்பது மாதிரி. எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும்.

எல்லா நாட்டு ஊழியர்களும் வீட்டிலிருந்தே நேராக இணையத்துக்குப் போகட்டும், வேண்டாத பக்கங்களைத் தடுக்கும் காவலை அவரவர் ஊருக்கு அருகிலேயே வைத்துவிடலாம் என்று நான் கரடியாகக் கத்திக்கொண்டிருந்தேன். பாதுகாப்புக்குப் பொறுப்பான ஜெர்மன் அம்மையார் கடைசியில் இறங்கி வந்தார். சென்னையில் மட்டும் ஒரு வாரம் ஓடட்டும் என்றார். தடுக்க வேண்டிய இணையப் பக்கம் ஒன்று தப்பித் திறந்துவிட்டாலும் பழைய வழிதான், என் திட்டம் குப்பைக்குத்தான்.

தடுக்க வேண்டியவற்றில் மதுவும் ஒன்று. "உங்கள் மொழியில் அதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கூட்டத்தில் கேட்டார். பம்மலிலிருந்து பேசிய என் சகா கொஞ்சமும் யோசிக்காமல் "தண்ணி" என்றான். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்தச் சொல் இருக்கும் பக்கங்களுக்கும் தடை போட்டாயிற்று.

புதிய வழி தொடங்கிய திங்கட்கிழமை காலை குழாயில் காற்றுதான் வந்தது. குளியலறையிலிருந்து மனைவி, "லாரிக்குச் சொல்லிட்டீங்களா இல்லையா?" என்று குரல் கொடுத்தாள். குடியிருப்புச் சங்கத்தின் 'தண்ணி லாரி' பக்கத்தை மடிக்கணினியில் தட்டினேன். 'மது தொடர்பானது, அனுமதி இல்லை' என்று சிவப்பாக வந்து நின்றது. மனைவி தலையில் அடித்துக்கொண்டு, தன் போனிலேயே லாரிக்காரரைக் கூப்பிட்டாள்.

அதற்குள் சகா அழைத்தான். "மச்சான், எங்க வூட்லயும் தண்ணி லாரி பக்கம் தொறக்க மாட்டேங்குது. ஆபீஸ்ல பாதிப் பேரு எனக்கு போன் பண்ணிக்கினே கீறாங்க. ஒரே பேஜாரா பூடுச்சுடா."

"தண்ணின்னு சொன்ன வாய்தானே, அனுபவி" என்றேன்.

மத்தியானம், தடுக்கப்பட்டவர்களின் பட்டியலைப் பார்த்துவிட்டு அம்மையாரே அழைத்தார். சென்னையில் இத்தனை பேர் விடிந்ததும் விடியாததுமாக மது தேடுகிறார்களே, இவர்களை நம்பி எப்படி நேராக இணையத்தில் விடுவது என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். குழாய் காய்ந்ததில் ஆரம்பித்து, தண்ணி பிடிப்பது வேறு, தண்ணி அடிப்பது வேறு என்பது வரை மூச்சு வாங்க விளக்கினேன்.

கேட்டு முடித்ததும் அவர், "அந்த மாதிரிப் பக்கம் ஒருவருக்காவது திறந்ததா?" என்று கேட்டார்.

காவலின் முழுப் பதிவையும் பார்த்தேன். மேடவாக்கம், பம்மல், பொழிச்சலூர் என்று எங்கிருந்து தட்டியிருந்தாலும் சரி, காவல் ஒருவரையும் விடவில்லை. சொல்லும்போதே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு வாரம் பாடுபட்டு நான் நிரூபிக்க இருந்ததை, குளிக்காத எங்கள் சனங்கள் ஒரே காலையில் நிரூபித்துவிட்டார்கள்.

அந்த நேரம் பார்த்துக் கீழே லாரி ஹாரன் அடித்தது. என்ன சத்தம் என்று கேட்டார்.

"தண்ணி வந்துவிட்டது" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "முதலில் போய்க் குளியுங்கள். பிறகு அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, மற்ற நாடுகளை எப்போது இந்த வழிக்கு மாற்றலாம் என்று வந்து சொல்லுங்கள்."