துமானாவைத்தான் முதலில் கறப்பாள்

என் ஓரகத்தி அக்சினியாவோடு ஒரே முற்றத்தில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவள் நான். இந்தப் புக்கோவினா மலையில் அவளைப்போல் இரக்கக்காரி கிடையாது என்று ஊரே சொல்லும். ஊருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடும். கூட இருக்கிறவளுக்குத்தானே தெரியும்.

எங்கள் வீட்டுக்காரர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு எனக்குக் கோழிகள், அவளுக்கு மூன்று பசுக்கள். அந்தப் பாலில் போடும் பாலாடைக்கட்டிதான் அவள் பிழைப்பு.

இந்த மே மாதம் துமானா என்கிற பசுவுக்கு மடிநோய் வந்தது. மடியில் ஒரு பக்கம் கல்லாக இறுகி, தொட்டால் சுட்டது. பால் மோர்த்தண்ணீராக, நடுவே திரிதிரியாக வந்தது. அக்சினியா அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எல்லாம் உன் வாயால வந்தது, வர்வாரா. அன்னிக்கு அதைத் திட்டுனியே!"

அது என்றால், கீரியைவிடச் சின்னதான ஒரு பிராணி. என் கோழிக்குஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போவது. எங்கள் பக்கம் அதைக் குட்டி மணப்பெண் என்று மரியாதையாகத்தான் சொல்ல வேண்டும். திட்டினால் வந்து மாட்டு மடியைக் கடிக்குமாம். குஞ்சைத் தின்றதைக் கொஞ்சவா முடியும்? அவளோ கொட்டில் வாசலில் ஆட்டு ரோமமும் தக்கிளியும் வைத்து, "கோவிச்சுக்காதே கண்ணு, உக்காந்து நூல் நூத்துக்கிட்டிரு" என்று அந்தப் பிராணியிடம் சமாதானம் பேசினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாட்டு டாக்டருக்குப் போன் போட்டேன்.

டாக்டர் த்ரோஃபின் காம்புக்குள் மருந்து ஏற்றினார். "இது கிருமிம்மா. கை வழியாத்தான் அடுத்த மாட்டுக்குப் போகும். நல்ல மாடுங்களை முதல்ல கறங்க, இவளைக் கடைசியா. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுநாள் காலையில் எட்டிப் பார்த்தால், முதலில் துமானாவிடம்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா! கடைசியான்னு சொன்னாரா இல்லையா?"

"வலியில கெடக்கிறவளைக் காக்க வைக்கச் சொல்றியா?"

"கையையாவது கழுவுனியா?"

"பாவாடையில துடைச்சேனே."

தலையில் அடித்துக்கொண்டேன். திட்டினேன், கெஞ்சினேன், முக்காலியை ஒளித்து வைத்தேன். குந்தி உட்கார்ந்து கறந்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். அடுத்த வாரம் இரண்டாவது பசு ஜோயானாவின் மடியும் வீங்கியது.

இந்தத் தடவை டாக்டர் சிரித்துப் பேசவில்லை. "மூணாவதுக்கும் வந்துட்டா எல்லாத்தையும் கறிக்கடைக்கு ஓட்ட வேண்டியதுதான்" என்றார். மிச்சம் ரோஷ்கா ஒருத்திதான்.

அன்று சாயங்காலம் கொட்டிலில் வழியை மறித்து நின்றேன். "ரோஷ்காவைக் கறந்துட்டு இவகிட்ட வா. கொஞ்ச நேரம் பொறுத்தா இது செத்தா போயிடும்?"

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் பால் கட்டிக்கிட்டுச்சு, வர்வாரா. என் மகன் பொறந்தப்ப. நீ அப்ப இந்த வீட்டுக்கு வரலை. மாரைத் தொட முடியலை, குளிர்காய்ச்சல். மாமியார், முதல்ல மாடுங்களைக் கற, அப்புறம் வைத்தியர்கிட்ட போலாம்னாங்க. கறந்தேன். மறுநாள் வைக்கோல் வேலை. அதுக்கு மறுநாள் வேற என்னமோ. சீழ் வச்சுக் கீறி எடுத்தாங்க. என் பிள்ளை அடுத்த வீட்டுக்காரி பால்ல வளர்ந்தான்."

இத்தனை வருடத்தில் இதை அவள் சொன்னதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட எரிச்சல் வந்தது. முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் ஜோயானா தப்பியிருப்பாளே!

"நகரு" என்றேன். "நீ ரோஷ்காவைப் பாரு. சீக்காளி ரெண்டையும் நான் கறக்கிறேன், இப்பவே. யாரும் யாருக்காகவும் காக்க வேணாம்."

எனக்குக் கறவையே மறந்து போயிருந்தது. துமானா உதைத்த உதையில் முழங்கால் கன்றிப் போயிற்று. ஆனால் ரோஷ்கா தப்பித்துவிட்டாள். ஜோயானாவுக்கும் குணமாகிவிட்டது. துமானாவுக்கு அந்தக் காம்பு வற்றியதோடு சரி.

நோய் போன பிறகும் எனக்கு மட்டும் விடுதலை கிடையாது. தினமும் நான்தான் துமானாவிடம் உட்கார்கிறேன், அடுத்த மாட்டடியிலிருந்து அவள் அதிகாரம் பண்ணுகிறாள்.

"மெதுவா, வர்வாரா. அந்தப் பக்கம் அவளுக்கு வலிக்கும்."

"வலிக்காதுக்கா. ஆறிப்போச்சுன்னு டாக்டரே சொல்லிட்டாரு."

"வலிக்கும்டி" என்றாள். "மழை வந்தா எனக்கு இன்னும் வலிக்குதே."