படம் வராத கம்ப்யூட்டர்

பெரியவனே, சின்னவளே, நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் இதை எழுதுகிறேன்.

ஆயுத பூஜைக்கு உங்கள் கம்ப்யூட்டரையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்தேன். நீங்கள் ஸ்ரீரங்கத்தை விட்டுப் போன பின் அதைத் தொடுவார் இல்லை. பூஜையில் வைத்த எதையும் மறுநாள் ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். அரியமங்கலம் பட்டறையில் லேத்தை ஓட்டிவிட்டு வந்து, இதையும் ஆன் செய்தேன். ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

ஈரத்துணியால் துடைத்தவன் நான். உங்கள் சின்ன வயதுப் படங்கள் எல்லாம் அதற்குள்தானே இருக்கின்றன! அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பெரியவனுக்குப் போன் போட்டேன்.

“உள்ள தண்ணி போயிடுச்சு போல. செத்துப் போச்சுடா.”

“அப்பா! கிராபிக்ஸ் கார்டை நான்தானே கழட்டி புனேவுக்கு எடுத்துட்டு வந்தேன். சொல்லிட்டுத்தானே வந்தேன்?”

“ஏதோ கார்டுன்னே. ஏ.டி.எம். கார்டு மாதிரி ஏதோ ஒண்ணுன்னு நெனச்சேன்.”

அவன் சிரித்து முடிக்கவே நேரமானது.

“அது இல்லாம திரையில படம் வராது, அவ்வளவுதான். மெஷின் உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கும். நம்பலைன்னா ஸ்பீக்கரைப் போட்டுட்டு, என்டர் தட்டி, அதே பழைய பாஸ்வேர்டை அடிங்க.”

“ஒண்ணுமே தெரியலையேடா, எதைப் பாத்து அடிக்கிறது?”

“கரண்ட் போனா வீட்டுக்குள்ள நடக்க மாட்டீங்களா? அந்த மாதிரிதான்.”

ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி நிதானமாகத் தட்டினேன். சின்னவளின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“டேய் அண்ணா, அப்பா வராரு, கேமை மூடு!”

அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் போட்ட கூச்சல் அது. பெரியவன் அதைப் பதிந்து, கம்ப்யூட்டர் திறந்ததும் ஒலிக்கும்படி வைத்திருந்தான். அப்போதெல்லாம் நான் பட்டறையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, கத்துவது அவளா கம்ப்யூட்டரா என்று தெரியாது.

“கேட்டுச்சாப்பா?” என்றான் பெரியவன்.

“கேட்டுச்சு. எப்படா வரே?”

“லீவு பாத்துட்டுச் சொல்றேன்பா. வரும்போது ஒரு கார்டு வாங்கிப் போட்டுடறேன்.”

போனை வைத்தேன். பட்டனை அழுத்திப் பிடித்துக் கம்ப்யூட்டரை அணைத்தேன். தெருவில் பஸ் சத்தம் அதிகமாக இருந்தது. எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு, மறுபடியும் ஆன் செய்தேன்.