விஞ்ஞானி ஏறாத எல்.ஆர்.டி.

மாணவர்களிடம் பேசிக்கொண்டிருக்கும்போதே இறந்துபோனார், ஜனாதிபதியான அந்த இந்திய விஞ்ஞானி. ஆனால் பேச்சு நின்றுவிடவில்லை. எங்கள் ஊர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு பேனர் கடைக்காரர் அதைத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

முடியைக்கூட அவரைப் போலவே நடு வகிடெடுத்துக் காதுவரை வளர்த்திருந்தார். கண்ணை மூடுவார், கம்ப்யூட்டரில் தட்டுவார். விஞ்ஞானியின் படத்துக்குக் கீழே புதிய பொன்மொழி ஒன்று பிறந்துவிடும்.

நான் போன அன்று அச்சாகி வந்தது இது: "சீக்கிரம் எழுபவனுக்கே எல்.ஆர்.டி.யில் உட்கார இடம்."

"அவரு எப்பண்ணே நம்ம எல்.ஆர்.டி. ரயில்ல ஏறினாரு?" என்றேன்.

"இருந்திருந்தா ஏறியிருப்பாரு லா. என் பேர போட்டா யாரு வாங்கி மாட்டுவா, சொல்லுங்க?"

நானும் ஒன்று வாங்கி வந்தேன். மறுநாள் சீக்கிரம் எழுந்தேன். ரயிலில் இடமும் கிடைத்தது. யாருக்கு நன்றி சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.