வெள்ளிக்கிழமை பார்த்த மாளிகைமேடு

போன வெள்ளிக்கிழமை கடலூரிலிருந்து கங்கைகொண்ட சோழபுரம் போய் வந்தோம். கால்வலி இன்னும் விடவில்லை. அதனால் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

போனது என் மாமனாருக்காக. குடிகாட்டில் கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ராஜா கதைகளாகப் படித்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டார் என்பது அத்தையின் தீர்ப்பு. உண்மையில் கண்ணில் பிரஷர். ஓரப் பார்வை போய்விட்டது, நடுவில் மட்டும் கொஞ்சம் தெரிகிறது. அதுவும் நிலைக்கும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. அதற்குள் சோழர் அரண்மனையைப் பார்த்துவிட வேண்டும் என்றார்.

நல்ல நாள் வெள்ளிக்கிழமைதானாம். ஆனால் அவர் குளித்துக் கும்பிடுவதற்குள் பத்தரை ஆகி, ராகு காலம் வந்துவிட்டது. பன்னிரண்டு வரை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். சிதம்பரம் வரை பஸ். அங்கிருந்து காட்டுமன்னார்கோவில் வழியாக வாடகைக் கார், போய்வர ஆயிரத்து எண்ணூறு ரூபாய்.

அரண்மனையில் தோண்டியெடுத்த பொருள்களை வைத்திருக்கும் அருங்காட்சியகம் பூட்டியிருந்தது.

"வெள்ளிக்கெழம லீவு சார். மொதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றார் டிரைவர்.

நல்ல நேரம் பார்த்தவர்களுக்கு லீவு பார்க்கத் தோன்றவில்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். மாமாவின் முகம் சுண்டிவிட்டது.

அரண்மனை என்று பார்க்க மிச்சமிருந்தது, அது இருந்த இடமான மாளிகைமேடு. கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் இருக்கும். தோண்டியெடுத்த செங்கல் அடித்தளம், மேலே ஒரு கூரை. மாமா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"மாப்ள, எனக்குக் கீழ கொஞ்சம் செங்கல்லுதான் தெரியுது. அரமன எங்க?"

"அவ்ளோதான் மாமா இருக்கு. மேல இருந்ததெல்லாம் எப்பவோ போயிடுச்சு."

"ஒனக்கும் அவ்ளோதான் தெரியுதா?"

"எனக்கும் அவ்ளோதான்."

நம்பாமல் டிரைவரைக் கேட்டார். "வர்றவுங்க எல்லாம் இதத்தான் சார் பாத்துட்டுப் போறாங்க" என்றார் அவர்.

அதன்பிறகு மாமாவை நிறுத்த முடியவில்லை. தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று வந்தார். அந்த வெயிலில் நிழல் தேடி உட்காரவே எனக்கு ஆசை. ஆனாலும் கூடவே நடந்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: வெள்ளிக்கிழமை வேண்டாம். காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள். மாளிகைமேட்டில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று யாராவது சொல்வார்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்ல மனசு வரவில்லை.

திரும்பி வரும்போது மாமா காரிலிருந்து அத்தைக்குப் போன் போட்டார்.

"மியூசியம் பூட்டிக் கெடந்துச்சு. அரமனைய முழுசா பாத்துட்டேன்டி. கண்ணு நல்லா இருக்கறவுங்க எவ்ளோ பாக்குறாங்களோ, அவ்ளோவும் பாத்துட்டேன்."